சரிவு கூடினால் வேகம் கூடுமா? ஒரு பலகை, ஒரு கோலி, நான்கு நூல்

ஒன்றேகால் மீட்டர் நீளத்தில் வழவழப்பான பலகை ஒன்று, ஒரு கண்ணாடிக் கோலி, கொஞ்சம் தடித்த நூல், ஒரு ஸ்கேல், கைக்குக் கிடைத்த நோட்டுப் புத்தகங்கள். இவ்வளவு இருந்தால் சரிவுக்கும் வேகத்துக்கும் உள்ள உறவைக் காதாலேயே கேட்டுவிடலாம். கண்ணை நம்பினால் இந்த விஷயத்தில் ஏமாந்துபோவோம். கோலி கிளம்புவது தெரியும், கீழே போய் விழுவது தெரியும். நடுவில் அதன் வேகம் எப்படி ஏறியது என்பது பிடிபடாது.

பலகையின் ஒரு முனைக்கு அருகே பென்சிலால் குறுக்குக் கோடு ஒன்று போடுங்கள். கோலி அங்கிருந்துதான் கிளம்பும். அந்தக் கோட்டிலிருந்து 6 செ.மீ., 24 செ.மீ., 54 செ.மீ., 96 செ.மீ. தூரங்களில் பலகையைச் சுற்றி நூலை இறுக்கிக் கட்டுங்கள். முடிச்சு அடிப்பக்கம் இருக்கட்டும். அப்புறம் கோடு போட்ட முனைக்குக் கீழே நோட்டுகளை அடுக்குங்கள். ஒரு மீட்டர் நீளத்துக்கு 5 செ.மீ. உயரம் என்ற கணக்கில் சரிவு அமைந்தால் போதும். பலகை பக்கவாட்டில் சாயாமல் சமமாக இருக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் கோலி பாதி வழியிலேயே விளிம்பைத் தாண்டிக் கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

இப்போது கோலியைக் கோட்டின்மேல் வைத்து, தள்ளாமல், விரலை மட்டும் எடுங்கள். ஒவ்வொரு நூலைத் தாண்டும்போதும் ஒரு சின்னச் சத்தம் வரும். டிக், டிக், டிக், டிக். கவனித்துக் கேளுங்கள்: விரலை எடுத்த கணத்தையும் ஒரு தட்டாகச் சேர்த்துக்கொண்டால், ஐந்து தட்டும் சம இடைவெளியில் விழும். ஆனால் நூல்களுக்கு நடுவே உள்ள தூரம் சமமாக இல்லை. முதல் தட்டுக்கும் அடுத்ததற்கும் 6 செ.மீ.; பிறகு 18, 30, 42. அதாவது 1, 3, 5, 7 என்ற விகிதம். கடைசி இடைவெளியில் கோலி ஏழு மடங்கு தூரம் ஓடியிருக்கிறது, முதல் இடைவெளிக்கு எடுத்துக்கொண்ட அதே நேரத்தில். நூல்கள் கோலியின் வேகத்தில் துளியூண்டு திருடிக்கொள்ளும். காதுக்கு அது தெரியாது.

இப்போது நோட்டுகளைக் கூட்டுங்கள். உயரம் 5 செ.மீ.-இலிருந்து 20 செ.மீ. ஆகட்டும். நூலைத் தொடவே வேண்டாம், அது கட்டிய இடத்திலேயே இருக்கட்டும். மறுபடி கோலியை விடுங்கள்.

டிக்டிக்டிக்டிக். வேகம் கூடிவிட்டது, ஆனால் தட்டுகள் இன்னும் சமமாகத்தான் விழுகின்றன. முதலில் ஒரு தட்டுக்கு ஏறக்குறைய 0.59 நொடி, இப்போது 0.29 நொடி, சரியாகப் பாதி. பாட்டு வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு இது உடனே புரியும். சரளி வரிசையை முதல் காலத்தில் பாடிவிட்டு, இரட்டை வேகமான இரண்டாம் காலத்துக்குப் போவது போல. வரிசை மாறவில்லை, காலம்தான் மாறியது. எனக்கு இந்தச் சோதனையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். சரிவு என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை என்பது இந்த இரண்டு ஓட்டங்களிலேயே இருக்கிறது. வேகம் ஏறும் முறையைச் சரிவு தொடுவதில்லை. அந்த ஏற்றம் எவ்வளவு சுறுசுறுப்பாக நடக்க வேண்டும் என்பதை மட்டும்தான் அது முடிவு செய்கிறது.

ஏன் அப்படி? கோலியை மேசைமேல் வையுங்கள். பூமி அதை இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் மேசை முழுப் பாரத்தையும் தாங்கிக்கொள்வதால் கோலி அசையவில்லை. அதே கோலியைக் கையிலிருந்து அப்படியே கீழே விடுங்கள். தாங்க எதுவும் இல்லை. ஒவ்வொரு நொடிக்கும் அதன் வேகம் நொடிக்கு 9.8 மீட்டர் கூடிக்கொண்டே போகும். வேகம் இப்படிக் கூடும் வீதத்தைத்தான் பள்ளிக்கூடத்தில் முடுக்கம் என்று படித்தோம். சாய்த்து வைத்த பலகை இந்த இரண்டுக்கும் இடைப்பட்டது. அது கோலியைத் தாங்கவும் செய்கிறது, கொஞ்சம் விட்டும் கொடுக்கிறது. எவ்வளவு விட்டுக்கொடுக்கிறது என்பதற்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு: உயரத்தைப் பலகையின் நீளத்தால் வகுத்தால் போதும். ஒரு மீட்டர் பலகை, 10 செ.மீ. உயரம் என்றால் பத்தில் ஒரு பங்கு. 20 செ.மீ. உயரம் என்றால் ஐந்தில் ஒரு பங்கு. பலகையை நேராக நிமிர்த்தி வைத்தால் உயரமும் நீளமும் ஒன்றுதான், முழுப் பங்கும் கிடைத்துவிடும். அதாவது வெறும் விழுதல். சைன், கோசைன் எல்லாம் இதற்குத் தேவையில்லை. டேப் இருந்தால் போதும்.

உருளும் பொருளுக்கு இன்னொரு சின்னத் திருத்தம் வேண்டும். வழுக்கி இறங்கும் பொருள் கீழே போவது ஒன்றைத்தான் செய்கிறது. கோலி இரண்டு வேலை செய்கிறது: முன்னே போகிறது, கூடவே தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது. ஈர்ப்பு கொடுக்கும் ஆற்றலை ஏழு பங்காக்கினால், கெட்டியான உருண்டைக்கு ஐந்து பங்கு முன்னே போவதற்கும் இரண்டு பங்கு சுற்றுவதற்கும் செலவாகிறது. 9.8-இல் ஏழில் ஐந்து பங்கு சரியாக 7. கணக்குப் போடுகிறவர்களுக்கு இது ஒரு பரிசு. ஆகவே கோலியின் முடுக்கம், 7 பெருக்கல் உயரம் வகுத்தல் நீளம். அவ்வளவுதான்.

இதை வைத்து நம் பலகையில் நடந்ததைப் பார்ப்போம். ஒரு மீட்டர் ஓட்டம், 5 செ.மீ. உயரம்: முடுக்கம் 0.35, கோலி கீழே வர 2.39 நொடி எடுக்கும், வந்து சேரும்போது வேகம் நொடிக்கு 0.84 மீட்டர். உயரத்தை 10 செ.மீ. ஆக்கினால் 1.69 நொடி, வேகம் 1.18 மீட்டர். 20 செ.மீ. என்றால் 1.2 நொடி, வேகம் 1.67 மீட்டர். முதலும் கடைசியும் சேர்த்துப் பாருங்கள். சரிவை நான்கு மடங்காக்கினோம், வேகம் இரண்டு மடங்குதான் ஆனது.

பலரும் தடுமாறுகிற இடம் இது. நான்கு மடங்கு சரிவுக்கு நான்கு மடங்கு வேகம் வர வேண்டாமா? வேகம் ஏறும் வீதம் நான்கு மடங்கு ஆனது உண்மை. ஆனால் அந்த வீதம் வேலை செய்ய வேண்டுமே, அதற்கு நேரம் வேண்டும். செங்குத்தான பலகையில் கோலி சீக்கிரமே ஓடி முடித்துவிடுகிறது. பலகையில் அது இருக்கும் நேரம் பாதியாகிவிட்டது. நான்கு மடங்கு வீதம், பாதி நேரம்: கையில் மிஞ்சுவது இரண்டு மடங்கு.

இதுவரை பலகையின் நீளத்தை மாற்றவே இல்லை. அதனால்தான் சரிவு கூடினால் கடைசி வேகமும் கூடும் என்று தோன்றியது. இப்போது உயரத்தை அப்படியே வைத்துக்கொண்டு நீளத்தை மாற்றுவோம். 20 செ.மீ. உயரத்திலிருந்து ஒரு மீட்டர் பலகை ஒன்று, இரண்டு மீட்டர் பலகை ஒன்று. இரண்டாவதன் சரிவு பாதிதான். இரண்டிலும் கோலியை விட்டால் எது கீழே அதிக வேகத்தில் வந்து சேரும்?

இரண்டும் ஒரே வேகத்தில் வரும். நொடிக்கு 1.67 மீட்டர். நீள பலகையில் வேகம் மெதுவாகத்தான் ஏறுகிறது, ஆனால் ஏறுவதற்கு இரண்டு மடங்கு நேரம் கிடைக்கிறது: 1.2 நொடிக்குப் பதில் 2.39 நொடி. கடைசி வேகத்தைத் தீர்மானிப்பது எவ்வளவு உயரம் இறங்கினோம் என்பது. அந்த வேகம் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பதைத் தீர்மானிப்பதுதான் சரிவு. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்வதென்றால் நான் இதைத்தான் கேட்பேன். இதற்குப் பிறகு சொல்லப்போகும் ரயில், மலைப்பாதை, சக்கர நாற்காலி எல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

இதையெல்லாம் முதலில் அளந்து பார்த்தவர் கலிலியோ. நேராக விழும் பொருளின் வேகத்தை அளக்க அவர் காலத்தில் வழியில்லை. கண் இமைப்பதற்குள் விழுந்து முடித்துவிடும். அதனால் விழுதலை மெதுவாக்கினார், அதாவது சரித்துவிட்டார். 1638-இல் லெய்டன் நகரில் அச்சான தம் நூலில் அந்தக் கருவியை விவரிக்கிறார். அவர் ஊர் கணக்கில் 12 முழ நீளம், அரை முழ அகலம், மூன்று விரற்கடை தடிமன் உள்ள ஒரு மரச்சட்டம். அதில் நேராக ஒரு பள்ளம் வெட்டி, இழைத்து, வழவழப்பான தோல்தாளை உள்ளே ஒட்டி, நன்றாகத் தேய்த்த வெண்கல உருண்டையை உருட்டினார். ஸ்டாப்வாட்ச் கிடையாது. பெரிய பாத்திரம் ஒன்றில் தண்ணீர் நிரப்பி, அடியில் ஒரு மெல்லிய குழாய் பொருத்தி, உருண்டை ஓடும் நேரமெல்லாம் விழும் தண்ணீரை ஒரு கிண்ணத்தில் பிடித்தார். அந்தத் தண்ணீரைத் தராசில் நிறுத்தார். தண்ணீரின் எடைதான் நேரம். ஒரே ஓட்டத்தைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்ததில், ஒரு நாடித்துடிப்பில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசம்கூட வரவில்லை என்கிறார். நேரம் இரண்டு மடங்கானால் தூரம் நான்கு மடங்கு. நேரம் மூன்று மடங்கானால் தூரம் ஒன்பது மடங்கு. சட்டத்தை எவ்வளவு சரித்தாலும் இந்த விகிதம் மாறவில்லை. நாம் நூல் கட்டிய 6, 24, 54, 96 என்ற எண்களும் அதே 1, 4, 9, 16 தான், ஆறால் பெருக்கியவை. அவருடைய அப்பா வின்சென்சோ, லூட் என்ற நரம்பு வாத்தியம் வாசித்த இசைக்கலைஞர். தாளத்தோடு வளர்ந்த பிள்ளைக்கு நேரத்தைச் சம பங்காகப் பிரித்துப் பார்க்கத் தோன்றியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

உருண்டையின் எடை கூடினால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகாது. பெரிய கோலியும் சின்னக் கோலியும் சேர்ந்தே வரும். பெரியதை இழுக்கும் விசை அதிகம்தான், ஆனால் அதை நகர்த்துவதற்கும் அவ்வளவு விசை வேண்டியிருக்கிறது, இரண்டும் சரியாகிவிடும். எடை வித்தியாசம் காட்டாது, வடிவம் காட்டும். செல்லோடேப் தீர்ந்த பிறகு மிஞ்சும் அட்டை வளையத்தையும் ஒரு கோலியையும் ஒரே நேரத்தில் விட்டுப் பாருங்கள். வளையத்தின் பொருள் முழுக்க விளிம்பில் இருப்பதால் அதைச் சுற்ற வைக்கப் பாதி ஆற்றல் போய்விடும். கோலி எளிதாக முந்திவிடும். இதே காரணத்தால், தண்ணீர் முழுக்க நிரப்பிய பாட்டில் ஒன்றையும், அதேபோல் நிரப்பி உறையவைத்த இன்னொன்றையும் உருட்டினால் தண்ணீர் பாட்டில்தான் ஜெயிக்கும். உள்ளே இருக்கும் தண்ணீர் பாட்டிலோடு சேர்ந்து சுற்றுவதில்லை. ஐஸ் கட்டி சுற்றியே ஆக வேண்டும்.

உராய்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. சரிவு மிகவும் குறைவாக இருந்தால் கோலி நின்ற இடத்திலேயே நிற்கும். பலகையின் சொரசொரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். பொருள் எவ்வளவு லகுவாக உருளக்கூடியதோ அவ்வளவு சின்னச் சரிவே போதும். ரயில் பெட்டி இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்தில் நிற்பது. அதனால்தான் நம் ரயில்வேயில் ஸ்டேஷன் யார்டுகளின் சரிவு 400 மீட்டருக்கு ஒரு மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான விதி. நடந்து போகும் நமக்கு அது தட்டைத் தரை. நிறுத்தி வைத்த பெட்டிக்கு அதுவே கிளம்பப் போதுமான இறக்கம் ஆகலாம்.

நீலகிரி மலை ரயிலை எடுத்துக்கொள்வோம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை 1899-இலும், உதகமண்டலம்வரை 1908-இலும் ஓடத் தொடங்கிய பாதை. 46 கிலோமீட்டரில் 326 மீட்டரிலிருந்து 2,203 மீட்டருக்கு ஏறுகிறது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் ஏறக்குறைய 12 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம். வெறும் சக்கரம் அந்த ஏற்றத்தில் வழுக்கும் என்பதால் தண்டவாளங்களுக்கு நடுவே பல் பட்டை பதித்து, எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விப் பிடித்துக்கொண்டு போகிறது. ஏறும்போது அந்தப் பல்லை எல்லோரும் பாராட்டுகிறார்கள். இறங்கும்போதுதான் அதன் அருமை. உதகையிலிருந்து ஒரு பெட்டி பிரேக் இல்லாமல், உராய்வும் காற்றின் தடையும் இல்லாமல் இறங்கினால் மேட்டுப்பாளையம் வரும்போது அதன் வேகம் என்ன? இறங்கிய உயரம் 1,877 மீட்டர். நொடிக்கு 190 மீட்டருக்கு மேல், அதாவது மணிக்கு ஏறக்குறைய 690 கிலோமீட்டர். வளைவு எத்தனை, நீளம் எவ்வளவு என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இப்படிப் பார்க்கலாம். மலையின் உயரத்தைக் குறைக்க முடியாது. சாலையை நீட்ட முடியும். நீட்டினால் சரிவு குறையும், வேகம் மெதுவாக ஏறும், டிரைவருக்கு நேரம் கிடைக்கும். ஆனால் பிரேக்கும் எஞ்சினும் சேர்ந்து தின்று தீர்க்க வேண்டிய மொத்த ஆற்றல் உயரத்தால் வருவது. சாலையை எவ்வளவு நீட்டினாலும் அது குறையாது. பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அவ்வளவும் சூடாக மாறி பிரேக்கிலேயே இறங்கும். சூடேறிய பிரேக் பிடிக்காது. "எந்த கியரில் ஏறினியோ அதே கியரில் இறங்கு" என்று மலைப்பாதை டிரைவர்கள் சொல்லிக்கொடுப்பது இதனால்தான். அந்தச் சுமையில் ஒரு பெரும் பகுதியை எஞ்சின் வாங்கிக்கொள்ளும்.

இந்த விஷயம் எனக்கு வெறும் சோதனையாக இல்லாமல் போனது அம்மாவால். இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்த பிறகு, ஒரு ஆஸ்பத்திரியின் வாசலில் சக்கர நாற்காலியில் அவரை வெளியே அழைத்து வந்தேன். நான்கு படி உயரத்துக்கு ஒரு சாய்தளம் கட்டியிருந்தார்கள். முன்சக்கரம் இறங்கியதுமே கைப்பிடி என் கையை இழுத்துக்கொண்டு போனது. செருப்பு சிமெண்ட் தரையில் வழுக்கியது. அம்மா பேசவில்லை, நாற்காலியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எதிரே வந்த ஒருவர் ஓடிவந்து முன்னால் நின்று தாங்கியதால் நின்றோம்.

இன்னொரு நாள் டேப் எடுத்துப் போய் அளந்தேன். உயரம் 60 செ.மீ., சாய்தளத்தின் நீளம் 2.4 மீட்டர். நான்குக்கு ஒன்று. சக்கர நாற்காலிச் சாய்தளம் 12-க்கு 1-ஐ விடச் செங்குத்தாக இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு வழிகாட்டு விதிகளில் இருப்பது. அந்தக் கணக்கில் 7.2 மீட்டர் இருந்திருக்க வேண்டும். சக்கரம் சுற்றுவதற்குப் போகும் பங்கு நாற்காலியில் மிகக் குறைவு, அதனால் 9.8-ஐ வைத்தே கணக்கிடலாம். கையை விட்டுவிட்டால் இரண்டு சாய்தளத்திலும் கீழே வரும்போது வேகம் ஒன்றுதான், மணிக்கு 12 கிலோமீட்டருக்குச் சற்று மேல். வித்தியாசம் நேரத்தில். 7.2 மீட்டரில் அந்த வேகம் வர 4.2 நொடி ஆகும். நான்கு நொடியில் கூப்பிடலாம், காலை ஊன்றலாம், சக்கரத்தைப் பிடிக்கலாம். 2.4 மீட்டரில் 1.4 நொடி. அம்மாவும் நாற்காலியும் சேர்ந்து 70 கிலோ. விதிப்படி கட்டியிருந்தால் என் கை தாங்க வேண்டியது ஆறு கிலோ பாரம். அன்றைக்கு நான் தாங்கியது பதினேழரை கிலோ, அதுவும் பின்னோக்கிச் சாய்ந்துகொண்டு. படிக்கட்டின் ஓரத்தில் மிஞ்சிய இடத்தில் கொஞ்சம் சிமெண்டைப் பூசிவிட்டு அதற்குச் சக்கர நாற்காலிப் படமும் வரைந்து வைப்பது எனக்கு இன்றும் கோபம் வரவழைக்கிறது. அந்த இடத்தில் தனியாக வருகிறவர் என்ன செய்வார்?

எங்கள் வீட்டு வாசல் தரையிலிருந்து 45 செ.மீ. உயரம். பன்னிரண்டால் பெருக்கினால் 5.4 மீட்டர். கேட்டுவரை அவ்வளவு நீளம் இல்லை. மேஸ்திரி, "மூணு மீட்டர்ல முடிச்சிரலாம் சார், சும்மா ரெண்டு ஸ்டெப்தானே" என்றார். கோலியையும் பலகையையும் எடுத்து வந்து, இரண்டு சரிவிலும் அவருக்கு உருட்டிக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். பிறகு அவரே வழி சொன்னார்: மலை ரோடு மாதிரி மடித்துவிடலாம், 2.7 மீட்டர் ஒரு பக்கம் போய், நடுவில் ஒரு சமதளத் திட்டு, அங்கே திரும்பி இன்னொரு 2.7 மீட்டர். உயரமும் இரண்டாக உடைந்துவிட்டது. கை நழுவினாலும் 45 செ.மீ. இறக்கம் கொடுக்கும் மணிக்கு 10.7 கிலோமீட்டர் வேகம் வராது, 22.5 செ.மீ. கொடுக்கும் ஏழரை கிலோமீட்டரோடு திட்டுக்கு வந்துவிடும். திட்டின் ஓரத்தில் முழங்கால் உயரச் சுவர் ஒன்றும் வைத்தார். சிமெண்ட் காய்ந்த அன்று மேலிருந்து கோலியை விட்டுப் பார்த்தோம். திட்டுவரை உருண்டு வந்து, சுவரில் மெல்ல முட்டி, அங்கேயே நின்றது.